தொங்குபாலத்தில் சம்பந்தி மரியாதை

ஜூலை 18, வெள்ளி

நாளைக்குக் கப்பல். பத்து நாள் அலாஸ்கா போய்வர எனக்கு ஒரு பெட்டி, சம்பந்தியம்மாவுக்கு மூன்று பை. என் மகன் நவநீதனும் மருமகள் கோமதியும் எங்களுக்கு மாத்திரை எடுத்து வைக்கிறதும் கழுத்தில் அட்டை மாட்டிவிடுகிறதுமாக, எல்.கே.ஜி. பிள்ளைகளைச் சுற்றுலா அனுப்புகிற மாதிரி பண்ணுகிறார்கள்.

கப்பல் எங்கள் ஆசைக்காக இல்லை. கோமதிக்கு ஐந்தாம் மாதம். நவம்பரில் பிரசவம். விசாவில் ஒரு தடவைக்கு ஆறு மாதம்தான் இருக்க விடுவார்கள். எங்கள் இரண்டு பேரில் ஒருத்தி பிரசவம் பார்த்துக்கொண்டு ஜனவரி வரை இங்கே இருக்க வேண்டும். மற்றவள் ஆகஸ்டில் ஊருக்குப் போய்விட்டு ஜனவரியில் வந்து கைமாற்றிக்கொள்ள வேண்டும். இந்தக் கலிபோர்னியாவில் நம்மவர்கள் வீடெல்லாம் இப்படித்தான் ஓடுகிறது.

"யாரு இருக்கறதுன்னு நீங்க ரெண்டு பேருமே கப்பல்ல பேசி முடிவு பண்ணிட்டு வந்துருங்க. டிக்கெட் போடணும்" என்றான் மகன். பெரிய நாட்டாமை.

இதில் பேச என்ன இருக்கிறது? தலைப்பிரசவம் பெற்றவள் பார்ப்பது. நான் மாப்பிள்ளையின் அம்மா. கல்யாணத்தில் இது வேண்டும் அது வேண்டும் என்று ஒரு வார்த்தை கேட்காதவள் என்று கோபிச்செட்டிபாளையத்தில் எனக்கு ஒரு பெயர் இருக்கிறது. "துளசிமணி மாதிரி ஒரு மாமியார் கிடைக்கோணும்" என்று என் காதுபடவே சொல்லியிருக்கிறார்கள். இந்த வயதில் அதைக் கெடுத்துக்கொள்வேனா? மேலும் எனக்கு ஆசை ஒன்றும் இல்லை. பெட்டியின் அடியில் கிடக்கிற பிரசவ லேகியம், இருக்கட்டுமே என்று வாங்கிவந்தது. கம்பளித் தொப்பி பொழுது போகாமல் பின்னியது.

ஜூலை 19, சனி

அறைக்குள் நுழைந்தால் இரண்டு கட்டிலையும் ஒட்டிப் போட்டு, மேலே துண்டை மடித்து இரண்டு அன்னப் பறவை செய்து, மூக்கோடு மூக்கு முட்ட வைத்திருக்கிறான் அறையைக் கூட்டுகிறவன். புதுமணத் தம்பதி என்று நினைத்தானோ என்னவோ. சம்பந்தி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு திரும்பி நின்றார். நான்தான் கையைக் காட்டிக் காட்டிப் பிரித்துப் போடச் சொன்னேன்.

சம்பந்தியின் பெயர் சங்கரவடிவு. பாளையங்கோட்டை. மூன்று பெண்களைப் பெற்றவர், கோமதி கடைக்குட்டி. என்னைப் போலவே கணவர் இல்லை. கல்யாணமாகி மூன்று வருடத்தில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்தாற்போல் ஒரு மணி நேரம் பேசியதில்லை. விசேஷங்களில் தட்டு மாற்றிக்கொள்வோம், அவ்வளவுதான்.

"ஜன்னல் பக்கத்துக் கட்டில்ல நீங்க படுங்க சம்பந்தி" என்றார்.

"இல்லீங் சம்மந்தி, நீங்க படுங்க."

"மாப்ள வீட்டுக்காரங்க நீங்க இருக்கும்போது நான் எப்படி?"

குளிக்கப் போவதற்கும் இதே கதை. நீங்க முதல்ல, நீங்க முதல்ல என்று நின்றதில் மத்தியானச் சாப்பாட்டுக் கூடத்தில் சோறு தீர்ந்து ரொட்டிதான் மிச்சம்.

ஜூலை 20, ஞாயிறு

நாள் முழுக்கக் கடல். வேறொன்றும் கண்ணில் படவில்லை. பேச்சை எடுக்கலாம் என்று பார்த்தால், அவரே எடுத்தார்.

"பிரசவம் பாக்கிறது சாமானியமா சம்பந்தி. ராவும் பகலும் முழிக்கணும். பெரியவளுக்கும் நடுவுளவளுக்கும் நான்தான் பாத்தேன். ரெண்டு தடவ."

ரெண்டு தடவை பார்த்த அனுபவஸ்தராம். எனக்குத் தெரியாது என்று குத்திக் காட்டுகிறார். "ஆமாங்க, நீங்க பார்த்தவங்க, உங்களுக்குத் தெரியாததா" என்று சொல்லிவைத்தேன்.

அவர் முகம் என்னவோ வாடிப்போனது. கொஞ்ச நேரம் கழித்து, "உங்களுக்கு ஒரே பையன்லா. ஆசை இருக்கத்தான செய்யும்" என்றார்.

இந்தப் பரிதாபமெல்லாம் யார் கேட்டது? "எனக்கென்னங்க ஆசை. நீங்க சொன்னாச் சரி" என்றேன்.

"இல்ல, நீங்க சொன்னா நான் மறுத்தா பேசப் போறேன்?"

"அய்யோ, நீங்க பெத்தவங்க. நான் சொல்றதுக்கு என்ன இருக்குது?"

அவர் எழுந்து பால்கனிக்குப் போய்விட்டார். வெகுநேரம் ஒற்றை நாற்காலியில் கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். திரும்பி வந்து, "தனியா உக்காந்தா என்னா சுகமா இருக்கு, பாத்தியளா" என்றார். என் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை என்பதை இவ்வளவு நாசூக்காகச் சொல்லத் திருநெல்வேலிக்காரர்களால்தான் முடியும்.

ஜூலை 21, திங்கள்

கப்பல் ஆட்டம். வாந்தி. எழுத முடியவில்லை. சம்பந்தி இரண்டு ஐஸ்கிரீம் சாப்பிட்டார்.

ஜூலை 22, செவ்வாய்

இன்று கப்பல் வான்கூவரில் நின்றது. எதிலிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. வரிசையாகவே எழுதுகிறேன்.

காலையில் கப்பலின் சுற்றுலா மேசையில் ஒரு படத்தைப் பார்த்துவிட்டு சம்பந்தி அசையாமல் நின்றார். காட்டுக்கு நடுவே ஒரு பள்ளத்தாக்கு, அதன் மேலே கயிறு கட்டினாற்போல் ஒரு தொங்குபாலம். கப்பல்காரர்கள் கூட்டிப்போகிற பஸ் நிறைந்துவிட்டதாம். "நாமளே போய்ட்டு வந்தா என்ன சம்பந்தி? எனக்கு ஒரு ஆசை" என்றார். மூன்று நாளில் அவர் வாய்விட்டுக் கேட்ட ஒரே காரியம். முடியாது என்று எப்படிச் சொல்வது? எனக்கு உயரம் ஆகாது. வீட்டு மொட்டை மாடியில் வடாம் காயப்போடக்கூட கைப்பிடிச் சுவர் பக்கம் போகமாட்டேன். ஆனால் அதைச் சம்பந்தியிடம் சொல்வதா? முப்பது வருடம் மின்வாரிய அலுவலகத்தில் ஆண்பிள்ளைகளை அதட்டி வேலை வாங்கியவள் நான்.

"போலாமுங்க, அதுக்கென்ன" என்றேன்.

துறைமுகத்து வாசலில் வழி சொல்கிற பெண் ஒருத்தி வரைபடத்தில் கோடு போட்டுக் கொடுத்தாள். படகில் அக்கரை, அங்கிருந்து டவுன் பஸ், கடைசியில் கொஞ்சம் நடை. கப்பல்காரர்கள் போகிற பாலத்துக்கு டிக்கெட் உண்டு, இது இன்னொரு பாலம், லின் பள்ளத்தாக்கு, உள்ளூர்க்காரர்கள் போவது, டிக்கெட் இல்லை என்றாள். சாயங்காலம் நாலரைக்குள் கப்பலில் இருக்க வேண்டும். அதை மட்டும் நான் மூன்று தடவை கேட்டு உறுதி பண்ணிக்கொண்டேன்.

படகு, பஸ் இரண்டும் சுளுவாகத்தான் இருந்தன. பஸ் டிரைவர் எங்கள் புடவையையும் அதற்கு மேல் ஸ்வெட்டரையும் கான்வாஸ் ஷூவையும் பார்த்துவிட்டு, ஏதோ பொத்தானை அமுக்கி பஸ்ஸையே எங்கள் பக்கமாகச் சாய்த்துத் தாழ்த்தினார். "நமக்காவா?" என்று சம்பந்திக்குப் பெருமை தாங்கவில்லை. இறங்கும்போதும் தாழ்த்துவாரா என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டு வந்தார். தாழ்த்தினார்.

காட்டுக்குள் நுழைந்ததும் ஜூலை மாதம் என்பதே மறந்துபோயிற்று, அவ்வளவு குளிர்ச்சி. மரங்களை அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிறது. கிளையெல்லாம் பாசி தொங்குகிறது. எங்கேயோ கீழே தண்ணீர் இரைச்சல். சம்பந்தி ஷூவைச் சரக் சரக்கென்று தேய்த்துக்கொண்டு எனக்கு முன்னால் ஓடாத குறையாகப் போனார். ஐம்பத்தொன்பது வயது என்று யாரும் சொல்ல முடியாது.

பாலத்தின் வாசலுக்கு வந்ததும் சட்டென்று நின்று ஒதுங்கினார். "நீங்க முன்னால போங்க சம்பந்தி."

"உங்க ஆசைதானுங்க. நீங்க போங்க."

"மாப்ள வீட்டுக்காரங்கள பின்னால விட்டுட்டு நான் முன்னால நடக்கவா? நல்லாருக்குமா?"

"இங்க யாருங்க பாக்கப் போறாங்க?"

"நான் பாக்கேன்லா."

நடக்கிற பலகை இரண்டு பேர் உரசிக்கொண்டு போகிற அகலம்தான். நாங்கள் வாசலை அடைத்துக்கொண்டு ஒருவரை ஒருவர் கும்பிடாத குறையாக நிற்க, எங்களுக்குப் பின்னால் கூட்டம் சேர்ந்துவிட்டது. வெள்ளைக்காரர்கள் பொறுமைசாலிகள், யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஒருவர் கயிற்றில் பிடித்திருந்த பெரிய நாய்க்குத்தான் பொறுமை இல்லை. எங்கள் இரண்டு புடவைக்கும் நடுவில் புகுந்து அது முதலில் போயிற்று. நாய்க்குப் பின்னால் நான், எனக்குப் பின்னால் சம்பந்தி.

முதல் பத்துப் பன்னிரண்டு அடி ஒன்றுமில்லை. பிறகு பாலம் ஆடத் தொடங்கியது. கீழே பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கீழே பார்த்துவிட்டேன். வெகு ஆழத்தில் பாறைக்கு நடுவே வெள்ளையாக ஒரு அருவி விழுந்து பச்சைத் தண்ணீராக ஓடுகிறது. காட்சியைப் பார்ப்பதற்காக நடுப்பாலத்தில் சற்று நின்றேன்.

"என்ன சம்பந்தி, நின்னுட்டிய?"

"சும்மா பாக்கறனுங்க."

"கண்ண மூடிக்கிட்டா பாக்கிய?"

அந்நேரம் பார்த்து எதிர்ப்பக்கமிருந்து ஏழெட்டு இளவட்டங்கள் தாம் தூமென்று குதித்துக்கொண்டு வந்தார்கள். பாலம் மேலேயும் கீழேயும் பக்கவாட்டிலும் போனது. நான் கம்பியை விட்டுவிட்டுச் சம்பந்தியின் ஸ்வெட்டரைக் கட்டிப் பிடித்தேன். இதோடு சரி, போய்ச் சேரப் போகிறோம் என்றுதான் நினைத்தேன். அப்போது என் வாயிலிருந்து வந்ததை நான் யோசித்துச் சொல்லவில்லை.

"சம்மந்தி, அந்தக் கொழந்தைய நானு பாக்கோணுமுங்க. நான்தானுங்க மொதல்ல கையில வாங்கோணும். பிரசவத்துக்கு நானே இருந்துக்கறனே. எனக்குக் குடுத்துருங்க சம்மந்தி."

இளவட்டங்கள் போய்விட்டார்கள். ஆட்டம் அடங்கியது. அடங்கியபின்தான் நான் என்ன கேட்டுவிட்டேன் என்பது உறைத்தது. மூன்று வருடத்து மானம் மரியாதை எல்லாம் அந்தப் பள்ளத்துக்குள் விழுந்துவிட்டதாக எனக்குப் பட்டது. பிறகு பாலம் மறுபடியும் லேசாக ஆடத் தொடங்கியது. யார் வருகிறார்கள் என்று பார்த்தால் யாருமில்லை. சம்பந்திதான் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறார்.

"இத நீங்க கேக்க மாட்டியளான்னுதான சம்பந்தி நாலு நாளா உங்க வாயையே பாத்துக்கிட்டு கெடக்கேன்" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"ரெண்டு பிரசவம் பாத்தாச்சி. எங்க மாமியார ஒம்பது வருசம் படுக்கையில வச்சிப் பாத்தாச்சி. எங்க வீட்டுக்காரவுகளையும் கடைசி வரைக்கும் பாத்தாச்சி. போன பங்குனியிலதான் வீட்ல நான் மட்டும்னு ஆச்சி. காலைல எட்டு மணிக்கு எந்திக்கேன் சம்பந்தி. பசிச்சா திங்கேன், பசிக்கலன்னா திங்கல. ஒருத்தருக்கும் ஒரு காப்பி போட வேண்டாம். அத மூணு மாசம் முழுசா அனுபவிக்கல, அதுக்குள்ள டிக்கெட் போட்டுக் கூட்டியாந்துட்டாவ. ஜனவரியில வாறேன், பேத்தியோ பேரனோ நல்லாப் பாக்கேன். அதுவரைக்கும் என்னைய கொஞ்சம் விட்டுருங்களேன்."

"இதைக் கோமதிகிட்டயே சொல்லியிருக்கலாமில்லீங்க?"

"பெத்த தாயி தலைப்பிரசவத்துக்கு வரமாட்டேன்னு எப்படிச் சொல்ல? அந்தப் பிள்ள மனசு என்ன பாடுபடும்? மாப்ள வீட்ல கேட்டுட்டாங்கன்னா, நான் தலைய ஆட்டிட்டுப் போயிருவேன். நீங்களா, கேக்கவே மாட்டேங்கிய. உங்களுக்கு முன்னால வாசப்படி தாண்டக்கூடாதுன்னா தாண்ட மாட்டேன். இத நான் எப்படி முன்னால கேக்க?"

பால்கனியில் உட்கார்ந்து கடலைப் பார்த்தது, ரெண்டு தடவை ரெண்டு தடவை என்று சொன்னது எல்லாம் எனக்கு அப்போதுதான் விளங்கிற்று. கோபியில் எட்டு வருடமாக நான் ஒருத்திதான் இருக்கிறேன். சத்தம் வேண்டும் என்பதற்காக இரண்டு அறையிலும் டி.வி.யைப் போட்டு விட்டுவிடுவேன். இந்த அம்மாளுக்கு அந்த வீடு கிடைத்தால் சொர்க்கமாக இருக்கும் போலிருக்கிறது. எனக்கு அழுகை வந்துவிட்டது. துக்கமில்லை, அப்படி ஒரு சந்தோஷம்.

"ஆனா ஒண்ணு" என்றார். "நான் விட்டுக்குடுத்தேன்னு இருக்கக் கூடாது. அப்பன்னா எம் மவ, 'ஏம்மா விட்டுக்குடுத்த'ன்னு சண்டைக்கு வருவா. நீங்க ஒத்தக் கால்ல நின்னு பிடிவாதமா கேட்டியன்னு இருக்கணும். முடியுமா உங்களால?"

அதற்குள் பின்னாலிருந்து ஒருவர் மெதுவாகக் கனைத்தார். நாங்கள் பாலத்தை அடைத்துக்கொண்டு நின்றிருந்தோம். என் கையைப் பிடித்து, என்னைத் தரதரவென்று அக்கரைக்கு இழுத்துப்போய்ச் சேர்த்தார் சம்பந்தி.

அக்கரையில் படிகள் இறங்கி ஒரு மடுவுக்குப் போனோம். தண்ணீரில் காலை வைத்துவிட்டு ஐயையோ என்று சம்பந்தி போட்ட சத்தத்தில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நானும் வைத்தேன். எலும்புக்குள் போகிற குளிர். இரண்டு பேரும் பாறையில் உட்கார்ந்து சிரித்த சிரிப்புக்குக் காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது. புடவை முழங்கால்வரை நனைந்துபோயிற்று.

பஸ் அந்தப் பக்கம் என்பதால் திரும்பவும் பாலத்தைக் கடக்க வேண்டியிருந்தது. இந்தத் தடவை சம்பந்தி மரியாதை ஒன்றும் பார்க்கவில்லை. விறுவிறுவென்று முன்னால் போய் நடுவில் நின்று, "வாங்க மைனி, நான் இருக்கேன்லா" என்று கையை நீட்டினார். சம்பந்தி என்று சொல்லவில்லை. அவர்கள் ஊரில் அண்ணன் மனைவியைக் கூப்பிடுகிற முறை அது. நான் போனேன். இந்தத் தடவை உண்மையாகவே கொஞ்சம் பார்த்தேன். அந்தப் பச்சைத் தண்ணீர் அழகாகத்தான் இருக்கிறது.

மூன்றரைக்கே கப்பலுக்கு வந்துவிட்டோம். அறையில் ஜன்னல் கட்டிலில் சம்பந்தி பாட்டுக்குப் படுத்துத் தூங்கிவிட்டார். நன்றாகக் குறட்டை விடுகிறார்.

ஜூலை 23, புதன்

மழை. மகனுக்குப் போன் பண்ணவில்லை. எப்படிக் கேட்பது? மருமகளின் அம்மாவைப் பிரசவத்துக்கு விடாமல் துரத்தினவள் என்று ஆகிவிடும். கோமதி என்னை என்ன நினைப்பாள்? "அத்தை மாதிரி வராது" என்று சொல்லிக்கொண்டிருந்த பெண். சம்பந்தி ஒன்றும் அவசரப்படுத்தவில்லை. காலையில் அவராகவே எனக்குக் காபி கொண்டுவந்து கொடுத்தார். ஒருத்தருக்கும் காபி போட வேண்டாம் என்று சொன்ன மனுஷி.

ஜூலை 24, வியாழன்

கேட்டுவிட்டேன்.

கப்பல் இன்டர்நெட்டில், படம் இல்லாமல் பேச்சு மட்டும். "நவநீதா, தலைப்பிரசவமோ என்னமோ, எம் பேரப்புள்ளைய நான்தான் பாப்பேன். சம்மந்தி ஊருக்குப் போகட்டும். இதுல வேற பேச்சே கெடையாது" என்று ஒரே மூச்சில் சொன்னேன். அலுவலகத்தில் ஃபைலைத் திருப்பி வீசுகிற குரல் தானாக வந்துவிட்டது.

"அம்மா? நீயா இப்படிப் பேசறே?"

"நான்தான்."

போனைக் கோமதி வாங்கினாள். "அத்தை, எங்கம்மா என்ன சொன்னாங்க?"

திரும்பிப் பார்த்தேன். சம்பந்தி கட்டிலில் குப்புறக் கிடந்து தலையணையின் முனையைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"சரின்னுட்டாங்க கண்ணு. எனக்காவ ஒத்துக்கிட்டாங்க."

"அழுறாங்களா?"

"கண்ணுல தண்ணி வருது" என்றேன். அது பொய்யில்லை.

"சரி அத்தை" என்று வைத்துவிட்டாள். சம்பந்தி எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். சிரிப்பெல்லாம் போய்விட்டது. "என்னால உங்க பேரு கெட்டுப்போச்சே மைனி" என்றார்.

"போனாப் போகுதுங்க, கொழந்தை கெடைச்சிருச்சில்ல" என்றேன்.

ஜூலை 29, செவ்வாய்

வீட்டுக்கு வந்தாயிற்று. கோமதி "வாங்க அத்தை" என்றாள், முகம் பார்க்கவில்லை. அம்மாவை மட்டும் அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ரசம் வைத்தேன். நவநீதன் உப்புக் குறைவு என்றான். அவனுக்கும் கோபம்.

ஆகஸ்ட் 9, சனி

விமான நிலையத்தில் சம்பந்தி கோமதியைக் கட்டிக்கொண்டு வாய்விட்டு அழுதார். ஊருக்குப் போகவேண்டும் என்று நாள் எண்ணியவர்தான். ஆனால் அந்த அழுகை நடிப்பில்லை, நானும் அழுதேன். உள்ளே போகிறவர் கடைசியில் திரும்பி, எல்லாருக்கும் முன்னால் என்னைப் பார்த்து ஒரு முறைப்பு முறைத்தார் பாருங்கள், பெண்ணைப் பெற்ற வயிறு எரிகிற மாதிரி! எனக்குச் சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையை வாயில் திணித்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

அக்டோபர் 2, வியாழன்

கோமதி என் மடியில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். வீங்கியிருந்தது, எண்ணெய் தேய்த்துவிட்டேன். "எங்கம்மாவுக்குப் போன் பண்ணேன் அத்தை. மணி ஒம்பதாம், இப்பதான் எந்திக்காங்களாம். குரல்ல அவ்வளவு சந்தோஷம்" என்றாள். சொல்லிவிட்டு என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள். நான் மற்றக் காலை எடுத்து வைத்துக்கொண்டேன்.

நவம்பர் 21, வெள்ளி

பெண் குழந்தை பிறந்து ஐந்து நாள் ஆகிறது. எழுத நேரமே இல்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பால், நடுவில் துணி, லேகியம், பத்தியச் சமையல். நர்ஸ் முதலில் என் கையில்தான் கொடுத்தாள். வெந்நீர்ப் பை மாதிரிக் கதகதவென்று இருந்தது.

இன்றைக்கு என் தங்கை ஈரோட்டிலிருந்து போன் பண்ணினாள். வாழ்த்துச் சொல்லக் கூப்பிட்டாளோ என்று பார்த்தால், "ஏனக்கா, பொண்ணைப் பெத்தவளைப் பிரசவத்துக்கு விடாமத் தொரத்தி உட்டுட்டயாமா? இங்க எல்லாரும் பேசறாங்க. துளசிமணியா இப்படின்னு நம்பவே மாட்டேங்கறாங்க. நான் இல்லவே இல்லைன்னு சண்டை போட்டுட்டு வந்தேன். அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லைதானக்கா?" என்றாள்.

"ஆமா, நான்தான் தொரத்தி உட்டேன்னு எல்லார்கிட்டயும் சொல்லிரு" என்றேன்.

அவள் என்னமோ கேட்க ஆரம்பித்தாள். குழந்தை சிணுங்கினாள். போனை வைத்துவிட்டு அவளைத் தூக்கிக்கொண்டேன்.